கற்பாசியின் குலம்

நம்மவர் வீட்டுக் கறிமசாலையில் பட்டை, இலவங்கம், அன்னாசிப்பூ ஆகியவற்றோடு கல்பாசி என்றொரு கரும்பழுப்பு நிறச் சருகும் சேர்வதுண்டு. மளிகைக் கடைகளிற் சிறு பொட்டலமாய்க் கிடைக்கும். பார்வைக்குக் காய்ந்த குப்பை. கையிலெடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் மணக்காது. சூடான எண்ணெயிற் பட்ட பிறகே அதன் குணம் தெரியும். இதனை வாங்குவோரிடம், "இஃது இலையா, வேரா, பூவா?" என்று வினவினால், பெரும்பாலோர் "பாசி" என்று பெயரையே விடையாகக் கூறுவர். பெயரிட்ட முன்னோர்மேல் குறை சொல்வதற்கில்லை. பாறையின்மேற் படர்ந்திருந்தது, பாசிபோல் தோன்றியது, கல்பாசி என்றனர்.

பால்மரக் காட்டில் உழைத்தவர்க்கு இதன் உறவினர் வேறு சிலரும் பழக்கமே. விடியற்காலையில் நெற்றி விளக்கின் ஒளியில் நிரை பிடித்து மரத்துக்கு மரம் நகர்கையில், வெட்டுக்கோட்டிற்கு மேலும் கீழும் பட்டையில் வெண்மையாயும் சாம்பல் நிறமாயும் இளம்பச்சையாயும் தேமல்போற் படர்ந்த திட்டுகளைக் காணாதவர் இலர். மரத்திற்கு ஏதோ நோய் என்று எண்ணியவரும் உண்டு. நோயன்று. பட்டையை இடமாகக் கொண்டு, மழையிலும் வெயிலிலும் தம் உணவைத் தாமே தேடிக்கொள்ளும் உயிர்கள் அவை. மேனாட்டார் இவற்றை லைக்கன் என்பர். கல்லில் மட்டுமன்றி மரத்திலும் மண்ணிலும், மழைக்காட்டில் இலையின்மேலுங்கூட இவை வளர்வன. ஆயினும் பழகிய பெயரே நலம் ஆதலின், இக்கட்டுரையில் இவை யாவற்றையும் கற்பாசி என்றே வழங்குவோம்.

மசாலைச் சருகும் மரத்துத் தேமலும் கற்பாசி என்ற ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் உடைந்த கதை சுவையானது. பெரியோர் வகுத்தனர் என்பதற்காக ஒரு வகுப்பு மெய்யாகிவிடாது என்பதை அக்கதை நெடுகக் காணலாம்.

1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ், தமக்குத் தெரிந்த தாவரங்கள் அனைத்தையும் வகுத்துப் பெயரிட்ட பெருநூலை வெளியிட்டார். பூவில் மகரந்தத் தாள்கள் எத்தனை, சூலகங்கள் எத்தனை என்று எண்ணி வகுப்பது அவர் முறை. பூவே இல்லாத கற்பாசி அம்முறைக்குள் எங்ஙனம் அடங்கும்? அவர் எண்பது கற்பாசிகளை எடுத்து, லைக்கன் என்னும் ஒரே பேரினத்தின்கீழ் அடுக்கி, நூலின் கடைப்பகுதியில் பாசிகளோடு சேர்த்து வைத்துவிட்டார். பனைகளைத் தாவர உலகின் அரசர் என்று பாராட்டிய அவருக்குக் கற்பாசிகள் பரம ஏழைக் குடியானவராகவே தோன்றின. இதில் உயர்ந்தோர், இதில் தாழ்ந்தோர் என்று வரிசை வைக்கும் பழக்கம் செடிகொடிகளையும் விடவில்லை போலும்!

அவ்வேழைகளுக்கு ஆதரவாக எழுந்தவர் லின்னேயஸிடமே பயின்ற எரிக் அக்காரியஸ் என்பார். 1757-இல் பிறந்தவர், வாட்ஸ்டேனா என்ற ஊரில் வைத்தியராய் இருந்துகொண்டே கற்பாசிகளை ஆராய்ந்தார். 1798 முதல் 1814 வரையில் அவர் எழுதிய நூல்களில், ஆசான் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்ததைப் பிரித்துப் பல பேரினங்களாக வகுத்தார். உறுப்புகளுக்குப் பெயர் வேண்டியிருந்தது, அப்பெயர்களையும் ஆக்கினார். அவற்றுட் பல இன்றும் வழக்கில் உள்ளன. கற்பாசி நூலின் தந்தை என்று அவரை உலகம் மதிப்பது தகும். ஆனால் அவர் கையிலிருந்த சான்று கண்ணும் கண்ணாடியுமே. பட்டையோடு ஒட்டிய பொருக்கா, இலைபோல் விரிந்ததா, புதர்போற் கிளைத்ததா, அதன் கனியுறுப்பு வட்டமா, நீளமா என்று பார்த்து வகுத்தார். உருவம் ஒத்தால் உறவு என்பது அக்கால அளவுகோல்.

அவருக்குப் பின்வந்தோர் அளவுகோலை நுணுக்கினரேயன்றி மாற்றவில்லை. இதற்கிடையில், தாம் வகுக்கும் பொருள் இன்னதென்பதையே அறியாமல் அவர்கள் வகுத்துக்கொண்டிருந்தனர் என்ற உண்மை 1867-இல் வெளிப்பட்டது.

கற்பாசியை மெல்லியதாய்ச் சீவி நுண்ணோக்குக் கண்ணாடியின் கீழ் வைத்தால், நிறமற்ற இழைகள் பின்னிக் கிடப்பதையும், அவற்றின் நடுவே பச்சை மணிகள் சிறைப்பட்டாற்போல் இருப்பதையும் காணலாம். பச்சை மணிகள் இழையிலிருந்தே முளைக்கும் உறுப்பு என்பது அதுவரை இருந்த கொள்கை. ஸ்விட்ஸர்லாந்தில் உழவர் குடும்பத்திற் பிறந்த ஸைமன் ஷ்வெண்டனர், அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நாட்டு இயற்கைநூற் கழகத்தின் கூட்டத்தில் எழுந்து, "இஃது ஓர் உயிரன்று, இரண்டு" என்னும் கருத்தை வெளியிட்டார். இழை காளான் இனத்தது. மணிகள் தனித்து வாழவல்ல பாசிகள். காளான் பாசிகளை வளைத்துத் தன் பின்னலுக்குள் அடைத்துக்கொண்டு, அவை வெயிலைக் கொண்டு சமைக்கும் உணவை உண்டு வாழ்கிறது என்றார். காளானை எசமானாகவும் பாசிகளை அடிமைகளாகவும் அவர் உவமித்தார். அவ்வுவமையின் கருத்தை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கற்பாசி நிபுணர்கள் கொதித்தெழுந்தனர். என்னை? கற்பாசி என்பதே தனிக் குலமன்று. காளான்களிற் சில ஒருவகைப் பிழைப்பை மேற்கொண்டதனால் உண்டான தோற்றம் என்றால், அவர்கள் ஆண்டுவந்த தனி அரசு கலைந்துவிடுமன்றோ? எதிர்த்தோருள் தலைவர் பின்லாந்திற் பிறந்து பாரிஸ் மாநகரில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர். இங்கிலாந்தில் கிராம்பி என்ற பாதிரியார் அவருக்குத் துணை நின்றார். சான்றோ மறுபக்கத்தில் குவிந்துகொண்டே வந்தது. ருஷியாவில் பாமின்ட்ஸின், பரனெட்ஸ்கி என்ற இருவர், கற்பாசியிலிருந்து பச்சை மணிகளைப் பிரித்தெடுத்து, அவை காளானின்றியே வாழ்வதை 1867-இலேயே காட்டினர். பிரெஞ்சு அறிஞர் போர்னே பலவகைக் கற்பாசிகளில் இழை மணியைப் பற்றும் விதத்தை 1873-இல் விளக்கினார். 1877-இல் ஸ்டால் என்ற ஜெர்மானியர் காளானின் சிதல்களையும் பாசியையும் தனித்தனியே எடுத்து ஒன்றுசேர விதைத்துப் புதிய கற்பாசியையே வளர்த்துக் காட்டினார். மறுவருஷம் டி பாரி என்ற பேராசிரியர், வேறுபட்ட உயிர்கள் ஒன்றாய்க் கூடி வாழும் நிலைக்குப் பொதுப்பெயராகக் கூட்டுவாழ்வு என்னும் பொருள்படும் சொல்லைச் சபையில் விளக்கியுரைத்தார். எசமான் அடிமை என்ற உவமை இதனாற் சிறிது தணிந்தது.

நைலாண்டர் மட்டும் இறங்கவில்லை. 1899-இல் இறக்கும்வரை தம் கொள்கையைப் பற்றியே நின்றார். அவரை மூடர் என்று ஒதுக்குவது எளிது, நேர்மையன்று. ஒருதுளி இரசாயனத்தைக் கற்பாசியின்மேல் இட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்து இனம் அறியும் வழியை 1866-இல் வகுத்தளித்தவர் அவரே. பாரிஸ் நகரின் காற்றுக் கெட்டிருப்பதை லுக்ஸம்பூர்க் பூங்காவின் மரங்களிலுள்ள கற்பாசிகளைக் கொண்டு அளக்கலாம் என்று முதன்முதலாகக் கண்டவர்களுள்ளும் அவர் ஒருவர். இவ்விரண்டும் இன்றும் உதவுகின்றன. நுட்பமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கும், பார்த்ததை ஒப்புக்கொள்ளும் மனத்துக்கும் இடையில் சிலருக்கு வெகுதூரம் இருந்துவிடுகிறது.

நிற்க. இரட்டை இயல்பு நிலைநாட்டப்பட்ட பின்னராவது, கற்பாசிக் காளான்களை மற்றக் காளான்களோடு உறவு பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆஸ்திரிய அறிஞர் ஸால்புருக்னர் தொகுத்து 1940-இல் முடிவுற்ற பத்துத் தொகுதிகள் கொண்ட பேரட்டவணையிலும் கற்பாசிகள் தனிக்குடித்தனமே செய்தன. ஒரே லயத்திற் குடியிருப்போர் எல்லாரையும் ஒரே குடும்பத்தார் என்று பதிவேட்டில் எழுதினால் எப்படியோ, அப்படியே இது. லயத்தில் இருப்பது பிழைப்பைக் காட்டும், பிறப்பைக் காட்டாது.

1950-இல் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய சர்வதேசத் தாவரநூல் மகாநாடு ஒரு விதி செய்தது. கற்பாசிக்கு இட்ட பெயர் அதிலுள்ள காளானையே குறிப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதே அது. பாசிக்குத் தனிப்பெயர். இரண்டாண்டு கழித்து ஸ்வீடன் அறிஞர் ரோல்ப் ஸாண்டெஸ்ஸன், வெப்பநாட்டுக் காடுகளில் இலைகளின்மேல் வளரும் கற்பாசிகளைப் பற்றிய தம் நூலில், அவற்றைக் காளான்களின் வரிசையிலேயே இடங்கண்டு அமைத்தார். ஆகவே பாசி என்று நாம் அழைப்பதன் சட்டப்படியான பெயருக்கு உரியது காளானே! ஆயினும் எந்தக் காளானுக்கு எது உறவு என்று துணிய உருவமும் இரசாயனமும் போதவில்லை. ஜப்பானில் அஸாஹினா, அமெரிக்காவில் சிக்கிட்டா கல்பர்ஸன் அம்மையார் முதலியோர் கற்பாசி அமிலங்களைப் பிரித்தறியும் வழிகளைச் செம்மை செய்தனர். அமிலம் மாறினால் இனமும் மாறுமா என்ற வழக்கு மட்டும் தீர்ப்பின்றி நீண்டது.

தீர்ப்புக்கு வேண்டிய சாட்சி உயிரணுவின் உள்ளேயே இருந்தது. டி.என்.ஏ. என்னும் பாரம்பரியப் பொருள் நீண்ட இழை வடிவினது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு என்று அதனைக் கொள்ளலாம். தலைமுறைதோறும் அவ்வேடு பெயர்த்தெழுதப்படுகிறது. எழுதுங்காற் பிழைகள் நேர்கின்றன. நம் பழந்தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் கையாண்ட முறையை நேயர்கள் கேள்வியுற்றிருக்கலாம். பல ஊர்களிற் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்குங்கால், இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமாயின், அவ்விரண்டும் ஒரே மூலப்பிரதியிலிருந்து வந்தவை என்று துணிவர். கட்டையும் கயிறும் ஒன்றுபோல் இருப்பதனால் ஏடுகள் உறவாகா. பிழைகளே உறவைக் காட்டும். மரபணுச் சான்று கொண்டு குலம் காண்பதும் அதுவே. உருவம் என்பது ஏட்டின் கட்டை.

ஏட்டின் எப்பகுதியைப் படிப்பது என்பதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. உயிரணுவில் புரதம் சமைக்கும் கருவியாகிய ரைபோஸோமுக்கு உரிய பகுதி எல்லா உயிர்களிலும் உள்ளது. ஓர் உயிரணுவிலேயே அதற்குப் பல படிகள் உண்டு. அதிற் சில இடங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளிலும் அதிகம் மாறாதவை. அவை தூரத்து உறவைக் காட்டும். அவற்றுக்கிடையே விரைவில் மாறும் இடைவெளிகள் உண்டு; அவை அண்ணன் தம்பி உறவைக் காட்டும். இவ்விடைவெளிப் பகுதியே காளான் இனங்களை அடையாளம் காணும் பொதுக் குறியாக 2012-இல் ஏற்கப்பட்டது.

கற்பாசியில் ஒரு தனித் தொல்லை இருந்தது. துண்டு ஒன்றை அரைத்துச் சாறெடுத்தால் காளானின் ஏடும் பாசியின் ஏடும் கலந்தே வரும். மேலே ஒட்டியுள்ள பிற நுண்ணுயிர்களின் ஏடுகளும் வரும். சிறிதளவு டி.என்.ஏ.வைப் பல கோடி மடங்காகப் பெருக்கும் வழியைக் கேரி மல்லிஸ் 1983-இல் கண்டார்; அதற்காக 1993-இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வழியில் பெருக்கத்தைத் தொடக்கிவைக்கச் சிறு தொடக்கத் துணுக்கு ஒன்று வேண்டும். காளானின் ஏட்டில் மட்டும் பொருந்தி, பச்சை உயிர்களின் ஏட்டில் பொருந்தாத துணுக்குகளை ஆக்கிக்கொண்டால், கலவைச் சாற்றிலிருந்தும் காளானின் ஏட்டை மட்டும் பெருக்கிப் படித்துவிடலாம். அத்தகைய துணுக்கொன்றை 1993-இல் கலிபோர்னியாவில் கார்டஸ், புரூன்ஸ் என்ற இருவர் வெளியிட்டனர். அவர்கள் நினைத்தது மரவேர்க் காளான்களைப் பற்றி. பயன் கற்பாசிக்கும் கிட்டியது.

1995-இல் ஆண்ட்ரியா கார்கஸ், பவுலா டிப்ரீஸ்ட், மார்ட்டின் குரூபே, ஆண்டர்ஸ் டேலர் ஆகிய நால்வரும் கற்பாசிக் காளான்களையும் மற்றக் காளான்களையும் ஒரே மரபுமரத்தில் வைத்துப் பார்த்தனர். கற்பாசிகள் ஒரே கிளையில் நிற்கவில்லை. காளான் உலகில் குறைந்தது ஐந்து தனித்தனி இடங்களில், ஒன்றோடொன்று தொடர்பின்றி, பாசியோடு கூடிவாழும் பிழைப்பு தோன்றியிருந்தது. பிந்திய ஆராய்ச்சிகள் ஐந்தென்ற எண்ணை இன்னும் உயர்த்தின. லின்னேயஸ் ஒரே பெயரில் அடைத்தவற்றுட் சில, தம்முள் உறவாவதைவிட, உணவுக் காளானுக்கும் ரொட்டியிற் பூக்கும் பூஞ்சணத்துக்கும் நெருங்கிய உறவாயின. ஷ்வெண்டனர் சொன்னதை ஏட்டுப்பிழைகள் எழுத்தெழுத்தாக உறுதிசெய்தன என்க.

2001-இல் லுட்ஸோனியும் அவர் கூட்டாளிகளும் ஒருபடி மேலே சென்றனர். கற்பாசி வாழ்வை மேற்கொண்டு பின்னர் அதனைக் கைவிட்ட காளான்களும் உண்டென்றும், பெனிஸிலின் மருந்தைத் தரும் காளானின் மிகப் பழைய மூதாதை பாசியோடு கூடிவாழ்ந்தது என்றும் வாதித்தனர். பத்திரிகைகளுக்கு இது நல்ல விருந்தாயிற்று. பின்னர் மேலும் பல மரபணுக்களையும் இனங்களையும் சேர்த்துக் கணக்கிட்டவர் எல்லாரும் இதற்கு உடன்படவில்லை. கைவிட்டது எத்தனை முறை, எக்காலத்தில் என்ற வழக்கு முடியவில்லை. நிலத்தில் முதலில் குடியேறியவை கற்பாசிகளே என்று பாடநூல்கள் கூறிவந்ததும் ஆட்டங் கண்டுவிட்டது. கற்பாசிகளின் பெருங்கிளைகள் நாளக் குழாய் கொண்ட செடிகளுக்குப் பிற்பட்டே தோன்றின என்று 2019-இல் நெல்ஸன் முதலியோர் கணக்கிட்டுரைத்தனர். மரபணுச் சான்று வந்தது என்பதனால் தர்க்கம் ஓய்ந்ததென்று கொள்ளற்க.

நம் கண்ணெதிரே உள்ளவற்றுக்கும் வருவோம். வெப்பநாடுகளில் வழவழப்பான மரப்பட்டையில் வெண்திட்டும், அதன்மேல் கருமசியாற் கிறுக்கினாற்போன்ற கோடுகளும் கொண்ட கற்பாசி ஒன்றுண்டு. அதன் பெயரே எழுத்து என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் ஆனது. இக்கோடுகள் எழுத்தல்ல, சிதல்களை வெளிவிடும் பிளவுகள். பிளவு நீண்டிருந்தால் ஒரு குடும்பம், குண்டூசித் துளைபோல் வட்டமாயிருந்தால் வேறு குடும்பம் என்று நெடுங்காலம் வகுத்திருந்தனர். ஏட்டைப் படித்தபோது கோட்டுக்காரரும் துளைக்காரரும் மாறி மாறி ஒரே கிளைகளில் அமர்ந்திருப்பது தெரியவந்தது. 2008-இல் இரண்டு குடும்பங்களும் ஒன்றாக்கப்பட்டன. இன்று அவ்வொரு குடும்பத்தில் 2,000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. வெப்பநாட்டுக் கற்பாசிக் குடும்பங்களுள் இதுவே மிகப் பெரிது.

மசாலைக் கல்பாசிக்கும் இத்தகைய வழக்கு நேர்ந்தது. அஃது அக்காரியஸ் 1803-இல் வகுத்த பெரிய பேரினம் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பர்மோட்ரீமா என்று பெயர் பெற்றது. அதன் உறவினருட் சிலவற்றின் மேற்புறத்தில் வலைபோன்ற வெண்கீறல்கள் உண்டு. அக்கீறலையே பெரிதாக எண்ணி 1990-இல் அவற்றுக்கு ரிமேலியா என்ற தனிப்பேரினம் வகுத்தனர். பதினைந்தே ஆண்டுகளில் மரபணுச் சான்று அவை பர்மோட்ரீமாவின் வீட்டுப் பிள்ளைகளே என்று காட்ட, தனிக்குடித்தனம் கலைந்தது. பிரிப்பதே மரபணுவின் வேலையன்று என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் பிரித்த இடத்தில் அது பிரித்த வேகம் திகைப்பூட்டுவது. மத்திய, தென் அமெரிக்க மலைகளின் உயரத்தில், பனியும் குளிரும் சூழ்ந்த புல்வெளிகளில், காதுமடல்போல் அரைவட்டமாய் விரியும் கோரா என்றொரு கற்பாசி உண்டு. அதனுள் உள்ள காளான் குடைக்காளான்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் பாசி நீலப்பசும் வகை. மலைச்சாலையின் ஓரங்களிலுங்கூடக் கண்ணிற்படும். இது முழுவதும் ஒரே இனம் என்றே இருபதாம் நூற்றாண்டு முடியுமட்டும் எண்ணினர். ராபர்ட் லுக்கிங், மனுவேலா டால் போர்னோ, பிபியானா மொன்காடா, லாரி முதலியோர் பல நாடுகளிலிருந்து சேகரித்த 356 மாதிரிகளின் ஏடுகளைப் படித்தனர். 2014-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு இது: ஒரே இனமென எண்ணியது 126 இனங்கள். சேகரிக்கப்படாத இடங்களையும் கணக்கிற் கொண்டு பார்த்தால் 452-க்குக் குறையாது. 2017-இல் ஒரே கட்டுரையில் எழுபது இனங்களுக்குப் பெயரிட்டனர்.

உருவத்தில் வேற்றுமையே இல்லையோ எனின், இருந்தது. மடலின் விளிம்பு, மேற்புறத்து மயிர், நிறம், வளரும் இடம் ஆகியவற்றிற் சிறுசிறு வேற்றுமைகள் இருந்தன. ஏட்டைப் படித்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தபோதே அவை கண்ணிற்பட்டன. முன்னரும் அவை அங்கேயே இருந்தவை. ஒரே இனம் என்ற முடிவோடு பார்த்தமையால் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

இது வெறும் பெயர்க்கணக்கன்று. மெக்ஸிகோ முதல் சிலி வரை பரவிய ஓர் இனமென்றால், ஒரு மலைச்சரிவை உழுது பயிரிட்டாலும் சுரங்கம் தோண்டினாலும் அவ்வினத்துக்குக் கேடில்லை. அடுத்த மலையில் அஃது இருக்கும் என்று சமாதானம் கூறலாம். நூற்றுக்கணக்கான இனங்கள், அவற்றுட் பல குறுகிய இடங்களில் மட்டுமே வாழ்வன என்றால், அச்சரிவோடு ஓர் இனமே உலகிலிருந்து நீங்கக்கூடும். பெயரில்லாதது அழிந்தால் எந்தப் பதிவேட்டிலும் அதன் மரணம் ஏறாது. கற்பாசிக் காளான்களுக்கு 2016-இன் நிலையை ஒட்டி எழுதப்பட்ட தொகுப்பு ஏற்ற எண்ணிக்கை 19,387. அவற்றுள் இன்னும் எத்தனை கோராக்கள் ஒரு பெயருக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றனவோ!

இவ்வளவுக்குப் பின்னர், காளானின் ஏட்டைப் படித்துவிட்டால் கற்பாசியை அறிந்துவிட்டோம் என்று துணியலாமா? வட அமெரிக்காவின் மேற்குப்புறத்து மலைக்காடுகள் இதற்கு எதிர்வழக்காடின. அங்கே ஊசியிலை மரங்களின் கிளைகளில் முடிக்கற்றைபோல் தொங்கும் கற்பாசிகள் இரண்டு உண்டு. ஒன்று பழுப்பு நிறம். அந்நாட்டுப் பழங்குடியினர் அதனைப் பறித்துக் குழியிலிட்டு வேகவைத்து உணவாகக் கொண்டனர். மற்றொன்று மஞ்சள் சாயல் உடையது. வல்பினிக் அமிலம் மிகுந்த நச்சுப் பொருள். நிறம் வேறு, குணம் வேறு. இரண்டு இனம் என்றே நூல்கள் எழுதின. ஏடுகளைப் படித்தால், இரண்டிலும் காளான் ஒன்றே, பாசியும் ஒன்றே! அரிசி ஒன்று, உளுந்து ஒன்று. ஒருவர் சுட்ட தோசை உணவு, மற்றவர் சுட்டது நஞ்சு என்றால் யாருக்குத்தான் திகைப்பு உண்டாகாது?

மொண்டானாவில் வளர்ந்த டோபி ஸ்ப்ரிபில் என்ற அறிஞர் இப்புதிரைப் பற்றிக்கொண்டார். காளான் என்றவுடன் எல்லாரும் ஒரு பெருங்கூட்டத்துக் காளானையே தேடினர். அவர் வலையை அகல விரித்து, வேறு கூட்டத்துக் காளானின் ஏடுகளும் சாற்றில் உள்ளனவா என்று தேடினார். இருந்தன. கற்பாசியின் மேற்றோலில் புளிக்கவைக்கும் நுரைக்காளானைப் போன்ற ஒற்றையணுக் காளான் ஒன்று குடியிருந்தது. மஞ்சள் நிறத்ததில் அது மிகுதி. ஷ்வெண்டனர் இருவர் என்றார். 2016-இல் மூன்றாமவர் கண்டுபிடிக்கப்பட்டார். எல்லாக் கற்பாசியும் மூவர் கூட்டே என்று அவசரக்காரர் எழுதினர். 57 குடும்பங்களைச் சேர்ந்த 339 இனங்களைச் சோதித்து, அம்மூன்றாமவர் எங்கும் இருப்பவரல்லர் என்று 2019-இல் வேறு குழுவினர் காட்டினர். மஞ்சள் கற்பாசியின் நஞ்சுக்கு அவர்தாம் காரணமா, கூட இருந்தவர் மட்டுமா என்பதும் அந்த ஆராய்ச்சியால் முடிவாகவில்லை.

இனி, ஸ்டாக்ஹோமில் 1950-இல் செய்த விதியை இவ்விரண்டின்மேல் வைத்துப் பாருங்கள். பெயர் காளானுக்கே உரியது, காளான் ஒன்று, ஆகவே பெயரும் ஒன்று என்றாகிறது. ஆனால் அம்மலைக்காடுகளில் தலைமுறை தலைமுறையாக அதனைப் பறித்துச் சமைத்த மக்கள், எந்தக் கிளையிலுள்ளதைக் கூடையிற் போடுவது, எதனைத் தொடாமல் விடுவது என்பதை நன்கு அறிந்திருந்தனர். அவர்களுக்கு அவை என்றும் இரண்டே.